யோனி நுண்ணுயிர்ப் பரிசோதனை: இரண்டு அறிக்கை இரண்டு விதமாகச் சொன்னால் எதை நம்புவது?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கும் 35 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு ஐந்து வயதில் ஒரு மகன். இரண்டாவது குழந்தைக்கு முயன்று வருகிறார்கள். கடந்த ஓராண்டில் மூன்று முறை அவருக்கு நீர்த்த வெள்ளைப்படுதலும் மீன் வாடையும் வந்திருக்கின்றன. இடையில் இரண்டு முறை கடுமையான அரிப்பு. மூன்று முறையும் பொது மருத்துவரிடம் அறிகுறிகளைச் சொல்லி மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தை வாங்கிப் போட்டார். கூச்சத்தால் பரிசோதனை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டாராம். அரிப்பு வந்தபோது மருந்தாளரிடம் கேட்டு, உள்ளே வைக்கும் மாத்திரை வாங்கிக்கொண்டார்.

பிறகு இணையத்தில் இரண்டு நிறுவனங்களின் வீட்டுப் பரிசோதனைப் பெட்டிகளை வாங்கினார். இரண்டுக்கும் சேர்த்து நானூறு வெள்ளிக்கு மேல் செலவு. முதல் பெட்டியின் பஞ்சுக் குச்சியால் மாதவிடாய் முடிந்த மறுநாளே யோனியிலிருந்து மாதிரி எடுத்து, காகித உறையில் போட்டு வெள்ளிக்கிழமை மாலை தபாலில் சேர்த்தார். “கார்ட்னரெல்லா 34 விழுக்காடு, நான்காம் வகை, அதிக ஆபத்து” என்று அறிக்கை வந்தது. கூடவே மூன்று மாத புரோபயாட்டிக் மாத்திரைக்கு விலைப்பட்டியலும். இரண்டாவதை மெட்ரோனிடசோல் ஜெல் முடித்த சில நாளில் எடுத்தார். அந்தப் பெட்டியில் குச்சியைப் போட ஒரு திரவக் குப்பி இருந்தது. அறிக்கை “லாக்டோபேசில்லஸ் 92 விழுக்காடு, மிகச் சிறப்பு” என்றது. ஆனால் ஆறு வாரத்தில் வாடை திரும்பிவிட்டது.

இப்போது ஒரு மருத்துவமனையில் யோனி நுண்ணுயிர் ஆய்வில் சேர அழைப்பு வந்திருக்கிறது. வாரம் இருமுறை, பத்து வாரம், தானே குச்சி எடுத்துக் கொடுக்க வேண்டும். அவருடைய கேள்விகள் இவை: எந்த அறிக்கை உண்மை? கிருமியே இல்லாமல் செய்ய வழி உண்டா? நானே எடுத்தால் சரியாக வருமா? ஆய்வில் சேர்ந்தால் என் பெயர் வெளியே போகுமா? கணவரிடமிருந்து இது வந்திருக்குமா? இதனால்தான் கரு தங்கவில்லையா? “உனக்குச் சுத்தம் போதாது” என்று மாமியார் சொல்லும்போது என்ன பதில் சொல்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கடிதம் முழுக்க உங்களை வாட்டுவது அதுதான் என்று தெரிகிறது. இது சுத்தக்குறைவால் வருவதில்லை. சொல்லப்போனால், சோப்பும் வாசனைக் கழுவுநீரும் கொண்டு உள்ளே கழுவும் பெண்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். வெளியே தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே எதையும் ஊற்றவோ தேய்க்கவோ வேண்டாம். உங்கள் குளியலறையில் அந்தரங்கக் கழுவுநீர் ஏதாவது இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

“கிருமியே இல்லாமல்” என்ற எண்ணத்தையும் இப்போதே விட்டுவிடுவோம். யோனியில் பாக்டீரியா இருப்பதுதான் ஆரோக்கியம். 1892இல் ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மானிய மருத்துவர் அங்கே வாழும் லாக்டோபேசில்லஸ் வகைகளை விவரித்தார். அவை லாக்டிக் அமிலத்தைச் சுரந்து யோனியைப் புளிப்பாக வைத்திருக்கின்றன. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) பொதுவாக 4.5க்குக் கீழே இருக்கும். அந்தப் புளிப்பில் வேறு பல கிருமிகள் பெருக முடியாது. லாக்டோபேசில்லஸ் குறைந்து, கார்ட்னரெல்லா போன்ற, காற்றில்லாத இடத்தில் வளரும் பலவகைப் பாக்டீரியாக்கள் பெருகிவிட்டால் வருவதுதான் பாக்டீரியல் வஜினோசிஸ். குடலைப் பற்றிப் பேசும்போது “எத்தனை வகை பாக்டீரியா இருக்கிறதோ அத்தனை நல்லது” என்று படித்திருப்பீர்கள். யோனியில் பெரும்பாலும் நேர்மாறு. ஓரிரண்டு லாக்டோபேசில்லஸ் இனங்கள் மட்டும் ஆட்சி செய்தால் அதுதான் நிம்மதி.

“நான்காம் வகை” என்றால் என்ன?

முதல் அறிக்கையில் உங்களைப் பயமுறுத்திய சொல் இது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், வட அமெரிக்காவில் நோய் அறிகுறி எதுவும் இல்லாத 396 பெண்களின் யோனி நுண்ணுயிர்களை மரபணு முறையில் ஆராய்ந்து ஐந்து வகைகளாகப் பிரித்தார்கள். முதல் வகையில் லாக்டோபேசில்லஸ் கிறிஸ்பேட்டஸ், இரண்டாவதில் காசெரி, மூன்றாவதில் ஐனர்ஸ், ஐந்தாவதில் ஜென்செனி ஆகியவை மிகுந்திருக்கும். நான்காவதில் லாக்டோபேசில்லஸ் குறைந்து மற்றவை கலந்திருக்கும்.

இந்த 396 பேரும் அறிகுறி இல்லாதவர்கள் என்பதைக் கவனியுங்கள். ஆசிய வம்சாவளிப் பெண்களில் 80.2 விழுக்காட்டினருக்கு லாக்டோபேசில்லஸ் ஆதிக்கம் இருந்தது. அப்படியென்றால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எந்தத் தொந்தரவும் இல்லாமலே நான்காம் வகையில் இருந்தார். கறுப்பின, ஹிஸ்பானியப் பெண்களில் இது இன்னும் கூடுதல், கிட்டத்தட்ட ஐந்தில் இருவர். “நான்காம் வகை” என்பது நோயின் பெயர் அல்ல, ஒரு நிலைமையின் விவரிப்பு. அதன் பக்கத்தில் “அதிக ஆபத்து” என்று சிவப்பில் அச்சிடுவது அந்த நிறுவனத்தின் முடிவு. மருத்துவ வழிகாட்டி எதுவும் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் வாழ்ந்த ஆசியப் பெண்களை வைத்துக் கிடைத்த எண்ணை சிங்கப்பூரில் வாழும் தமிழ்ப் பெண்ணுக்கு அப்படியே பொருத்துவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. உணவு, பழக்கம், கருத்தடை முறை என்று பலதும் இதில் சேர்ந்திருக்கின்றன.

இரண்டு அறிக்கைகளும் ஏன் மாறுபட்டன?

இரண்டில் ஒன்று பொய் என்று நினைக்கிறீர்கள். இரண்டுமே அந்தந்தக் குச்சியில் இருந்ததை ஓரளவு சரியாகவே படித்திருக்கலாம். ஒரு விழுக்காட்டு எண் உங்கள் உடலிலிருந்து நேராக வந்து காகிதத்தில் உட்காருவதில்லை. குச்சியை எந்த நாளில் எடுத்தீர்கள், எப்படி அனுப்பினீர்கள், ஆய்வகம் எப்படித் திறந்து எந்தப் பகுதியைப் படித்தது என்ற ஒவ்வொரு படியும் அதை மாற்றுகிறது. “எத்தனை விழுக்காடு?” என்பதற்கு முன்னால் “எப்படி எடுத்தது?” என்று கேட்க வேண்டும் என்பதே என் பதிலின் சாரம்.

*எடுத்த நாள்.* முதல் குச்சியை மாதவிடாய் முடிந்த மறுநாள் எடுத்தீர்கள். இரத்தம் யோனியின் புளிப்பைக் குறைக்கும். பல பெண்களுக்கு அந்த நாட்களில் லாக்டோபேசில்லஸ் குறைந்து கார்ட்னரெல்லா போன்றவை கூடும், சில நாளில் தானாகவே திரும்பிவிடும். 2012இல் வெளியான ஓர் ஆய்வில் 32 பெண்களிடம் வாரம் இருமுறை என 16 வாரம் குச்சி எடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு மாதக்கணக்கில் மாற்றமே இல்லை. சிலருக்கு ஓரிரு நாளில் தலைகீழாக மாறி மறுபடி சரியானது, அவர்களுக்கு நோய் எதுவும் இல்லாமலே. விந்துவும் காரத்தன்மை கொண்டது, ஆகவே உடலுறவுக்கு அடுத்த நாள் எடுத்தாலும் படம் மாறும். இரண்டாவது குச்சியை மெட்ரோனிடசோல் முடித்த கையோடு எடுத்தீர்கள். அந்த மருந்து காற்றில்லாமல் வாழும் கிருமிகளைக் கொல்லும், லாக்டோபேசில்லஸை அவ்வளவாகத் தொடாது. அன்றைக்கு லாக்டோபேசில்லஸ் 92 விழுக்காடு என்று வந்ததில் வியப்பில்லை.

*குச்சியின் பயணம்.* ஆய்வுகளில் எடுத்த மாதிரியைச் சீக்கிரம் குளிரூட்டி, மைனஸ் 80 பாகையில் உறையவைப்பார்கள். அது முடியாத இடத்தில் டிஎன்ஏவைக் காக்கும் திரவத்தில் போட்டு வைப்பார்கள். உங்கள் முதல் பெட்டியில் இரண்டும் இல்லை. காகித உறைக்குள் போன குச்சி வார இறுதி முழுவதும் நம் ஊர் வெயிலில், ஈரப்பதத்தில் கிடந்திருக்கிறது. குச்சி ஈரமாக இருந்தால் சில பாக்டீரியாக்கள் உள்ளேயே பெருகும், சில சிதையும். முழுக்க உலர்த்தி அனுப்பும் முறைகளும் உண்டு. ஆனால் நீங்கள் எடுத்த சூட்டோடு உறையில் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள்.

*பாக்டீரியாவைத் திறப்பது.* டிஎன்ஏ வெளியே வர வேண்டுமென்றால் பாக்டீரியாவின் சுவர் உடைய வேண்டும். லாக்டோபேசில்லஸின் சுவர் தடிமன். நுண்மணிகளோடு சேர்த்துக் குலுக்கியோ, லைசோசைம் போன்ற நொதிகளைச் சேர்த்தோதான் அதை நன்றாக உடைக்க முடியும். இதைச் செய்யாத ஆய்வகத்தில் மெல்லிய சுவர் கொண்டவை அதிகமாகவும் லாக்டோபேசில்லஸ் குறைவாகவும் தெரியும். உங்கள் இரண்டு நிறுவனங்களும் எந்த முறையைப் பின்பற்றின என்று அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. அப்படியிருக்க இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது.

*எந்தப் பகுதியைப் படித்தார்கள்.* வீட்டுப் பெட்டிகளில் பலவும் 16எஸ் என்ற மரபணுவைத்தான் படிக்கின்றன. பாக்டீரியா எல்லாவற்றிலும் இருக்கும் இந்த மரபணுவுக்கு ஏறத்தாழ 1,500 எழுத்துகள். அதில் இனத்துக்கு இனம் மாறும் ஒன்பது பகுதிகள் உண்டு, வி1 முதல் வி9 வரை. செலவைக் குறைக்க ஓரிரண்டு பகுதிகளை மட்டும் படிப்பார்கள். வி4 மட்டும் படித்தால் சில லாக்டோபேசில்லஸ் இனங்களைப் பிரித்துக் காட்ட முடியாமல் போகலாம். வி1 முதல் வி3 வரை படித்தால் இனம் பிரிவது மேல். ஆனால் அங்கும் ஒரு சிக்கல்: அந்தப் பகுதிக்கு முன்பு பரவலாகப் பயன்பட்ட ஒரு தொடக்கத் துண்டு (படிக்க வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளும் சிறு டிஎன்ஏ) கார்ட்னரெல்லாவோடு சரியாகப் பொருந்தாது. அதைக் குறைத்தே காட்டும். அதைத் திருத்திய கலவையைத்தான் இன்று நல்ல ஆய்வகங்கள் பயன்படுத்துகின்றன.

இந்த வேறுபாடு உங்களுக்கு ஏன் முக்கியம்? இரண்டாவது அறிக்கை “லாக்டோபேசில்லஸ் 92” என்று மொத்தமாகச் சொல்கிறது, எந்த இனம் என்று சொல்லவில்லை. கிறிஸ்பேட்டஸ் 92 என்றால் நல்ல காவல். ஐனர்ஸ் 92 என்றால் அவ்வளவு உறுதி இல்லை. ஐனர்ஸ் ஆரோக்கியமான பெண்களிடமும் இருக்கும், பாக்டீரியல் வஜினோசிஸ் உள்ளவர்களிடமும் இருக்கும், சிகிச்சை முடிந்ததும் முதலில் தலைதூக்குவதும் பெரும்பாலும் அதுதான். உங்களுக்கு ஆறு வாரத்தில் வாடை திரும்பியதைப் பார்த்தால் அது ஐனர்ஸாக இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. இது என் ஊகம் மட்டுமே. அந்த அறிக்கையை வைத்து இதற்கு மேல் சொல்ல வழியில்லை.

*விழுக்காடா, எண்ணிக்கையா.* காலை நெரிசலில் ஓர் எம்ஆர்டி பெட்டியில் இருநூறு பேர், அவர்களில் நூற்று எண்பது பேர் அலுவலகம் போகிறவர்கள். கடைசி ரயிலில் பத்துப் பேர், அதில் ஒன்பது பேர் அலுவலகத்திலிருந்து திரும்புகிறவர்கள். இரண்டும் 90 விழுக்காடுதான். மருந்து முடித்த யோனியும் அந்தக் கடைசி ரயில் மாதிரி காலியாக இருக்கலாம். மொத்தம் எத்தனை பாக்டீரியா என்று தனியாக அளக்க, டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் வேறொரு பிசிஆர் முறை இருக்கிறது. தரமான ஆய்வுகள் இரண்டையும் சேர்த்துச் செய்யும். உங்கள் அறிக்கைகளில் அது இல்லை. இன்னொன்று, டிஎன்ஏ முறை உயிரோடு இருப்பதையும் செத்ததையும் பிரித்துப் பார்க்காது. மருந்து போட்ட உடனே எடுக்கும் குச்சியில் இறந்த கிருமிகளின் டிஎன்ஏவும் எண்ணப்படும்.

இரண்டு அறிக்கையும் பார்க்காத ஒன்று

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அரிப்பைப் பற்றிய வரி. பாக்டீரியல் வஜினோசிஸில் வாடையும் நீர்த்த வெள்ளைப்படுதலும் முன்னால் நிற்கும். கடுமையான அரிப்பு வந்தால் மருத்துவர் முதலில் நினைப்பது கேண்டிடா என்ற பூஞ்சையை. பூஞ்சை பாக்டீரியா அல்ல. 16எஸ் முறையில் அது தெரியவே தெரியாது. அதற்கு ஐடிஎஸ் என்ற வேறு மரபணுப் பகுதியைப் படிக்க வேண்டும், அல்லது நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், அல்லது வளர்த்துப் பார்க்க வேண்டும். ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியும் வாடையும் அரிப்பும் தரும், அதுவும் இந்த முறையில் தெரியாது. நானூறு வெள்ளி செலவழித்தும் உங்களுடைய ஒரு முக்கிய அறிகுறியை யாருமே பரிசோதிக்கவில்லை. மெட்ரோனிடசோல் போட்ட பிறகு பூஞ்சை தலைதூக்குவதும் சாதாரணமாக நடப்பது. உங்களுக்கு இரண்டும் மாறி மாறி வந்திருக்க வாய்ப்பு இருக்கிறது.

இதைப் பிரித்தறிய மிகச் சாதாரணமான பரிசோதனை போதும். 1983இல் ஆம்செல் என்பவரும் அவர் குழுவினரும் வகுத்த நான்கு அடையாளங்களை இன்றும் பார்க்கிறோம்: சுவரில் ஒட்டிய நீர்த்த வெள்ளைப்படுதல், 4.5க்கு மேல் பிஎச், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டதும் எழும் மீன் வாடை, நுண்ணோக்கியில் பாக்டீரியா மொய்த்த செல்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். நான்கில் மூன்று இருந்தால் பாக்டீரியல் வஜினோசிஸ். 1991இல் வந்த நூஜென்ட் மதிப்பெண் முறையில் சாயமேற்றிய கண்ணாடித் தகட்டைப் பார்த்து 0 முதல் 10 வரை மதிப்பெண் தருவார்கள். 7 அல்லது அதற்கு மேல் போனால் நோய், 3 வரை இயல்பு, 4 முதல் 6 வரை இடைநிலை. பூஞ்சை, ட்ரைக்கோமோனாஸ், பாக்டீரியல் வஜினோசிஸ் மூன்றையும் ஒரே குச்சியில் பார்க்கும் பிசிஆர் பரிசோதனைகளும் இப்போது வந்துவிட்டன. அவை அறிகுறி உள்ளவர்களுக்காகச் சரிபார்க்கப்பட்டவை. வீட்டுப் பெட்டி அறிக்கை நூறு பாக்டீரியாக்களின் பெயரைக் கொடுக்கலாம். உங்களுக்கு என்ன மருந்து வேண்டும் என்று முடிவு செய்ய எனக்கு இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தால் போதும்.

பலதுறை மருந்தகத்திலோ பொது மருத்துவரிடமோ இதற்குப் போகலாம். பெண் மருத்துவர் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை. துணைக்கு ஒரு தாதி இருக்கவும் கேட்கலாம். திரும்பத் திரும்ப வருவதால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற இடத்துக்குப் பரிந்துரைக் கடிதமும் கேளுங்கள். கிளாந்தான் லேனில் உள்ள, பால்வினை நோய்களுக்கான டிஎஸ்சி கிளினிக்கிலும் இந்தப் பரிசோதனைகள் செய்கிறார்கள், இரகசியம் காப்பார்கள்.

கணவரைப் பற்றி

பாக்டீரியல் வஜினோசிஸ் வருவது அவர் வேறெங்கோ போனதற்கான ஆதாரம் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வீட்டில் இதை வைத்துப் பேச்சு முறிந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவருக்கொருவர் மட்டுமே துணையாக இருக்கும் தம்பதிகளிடையிலும் இது வரும், திரும்பியும் வரும். மாத்திரையோ ஜெல்லோ போட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஓராண்டுக்குள் திரும்பியதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆனால் கணவருக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் 164 தம்பதிகளை வைத்து நடந்து 2025இல் முடிவு வெளியான ஒரு சோதனை இந்தத் துறையில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஒரு பிரிவில் பெண்ணுக்கு மட்டும் சிகிச்சை. இன்னொரு பிரிவில் கணவருக்கும் ஏழு நாள் மெட்ரோனிடசோல் மாத்திரை, கூடவே ஆணுறுப்பில் தடவ கிளிண்டமைசின் களிம்பு. பன்னிரண்டு வாரத்தில், பெண்ணுக்கு மட்டும் சிகிச்சை கொடுத்த பிரிவில் 63 விழுக்காட்டினருக்கும் இருவருக்கும் கொடுத்த பிரிவில் 35 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். அதற்கு முன் பல ஆண்டுகளாக “கணவருக்கு மருந்து தேவையில்லை” என்றுதான் சொல்லிவந்தோம், ஏனென்றால் மாத்திரை மட்டும் கொடுத்த பழைய சோதனைகளில் பலன் தெரியவில்லை. ஆகவே உங்களுக்கு பாக்டீரியல் வஜினோசிஸ் என்று பரிசோதனையில் உறுதியானால், “என் கணவருக்கும் சேர்த்துச் சிகிச்சை தர முடியுமா?” என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. குற்றம் கண்டுபிடிக்கப் போகவில்லை, இருவரும் சேர்ந்து மருந்து போடப் போகிறீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள்.

புரோபயாட்டிக் பெட்டி

வாங்க வேண்டாம், இப்போதைக்கு. லாக்டோபேசில்லஸ் கிறிஸ்பேட்டஸ் வகையில் ஒரு குறிப்பிட்ட ரகத்தை, மெட்ரோனிடசோல் ஜெல் முடித்த பிறகு நேராக யோனிக்குள் வைத்து 228 பெண்களிடம் சோதித்தார்கள். 2020இல் முடிவு வெளியானது. பன்னிரண்டு வாரத்தில் 30 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது, வெற்று மருந்து வாங்கியவர்களில் 45 விழுக்காட்டினருக்கு. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் அது வேறு ரகம், வேறு வழி. வாயில் விழுங்கும் மாத்திரையின் உறையில் “லாக்டோபேசில்லஸ்” என்று எழுதியிருப்பதால் அந்தப் பலன் இதற்கும் வந்துவிடாது.

ஆய்வில் சேரலாமா?

மனமிருந்தால் சேருங்கள். நம் ஊர்ப் பெண்களைப் பற்றிய தரவு குறைவு என்பதால், இந்திய, மலாய், சீனப் பெண்கள் எல்லோரும் இத்தகைய ஆய்வில் இருக்க வேண்டும் என்று நான் மனமார நினைக்கிறேன். வாரம் இருமுறை கேட்பது தொந்தரவுக்காக அல்ல. ஒரே ஒரு நாள் குச்சி ஏமாற்றும் என்பதை மேலே பார்த்தோமே, அதற்காகத்தான். ஆனால் சிகிச்சை கிடைக்கும் என்ற எண்ணத்தோடு சேராதீர்கள். ஆய்வகம் மாதிரிகளை மொத்தமாகச் சேர்த்துவைத்து மாதங்கள் கழித்துப் படிக்கும். உங்கள் தனிப்பட்ட முடிவு உங்களுக்கு வராமலே போகலாம். அதனால் மருத்துவரிடம் போவதை ஆய்வுக்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

நீங்களே எடுப்பது சரியாக வருமா என்று கேட்டீர்கள். வரும். தாமே எடுத்த குச்சியையும் மருத்துவர் எடுத்த குச்சியையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நுண்ணுயிர்ப் படம் பெரும்பாலும் ஒத்தே வந்திருக்கிறது. கைகளைக் கழுவி உலர்த்துங்கள். குச்சியின் முனை விரலிலோ தோலிலோ படாமல், ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் உள்ளே விட்டு, பக்கச் சுவரைத் தொட்டபடி பத்துப் பதினைந்து நொடி சுழற்றி எடுத்து, உடனே குப்பியில் போட்டு மூடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஆழம், ஒரே மாதிரி. தேதி, மாதவிடாயின் எத்தனையாவது நாள், முந்தைய இரண்டு நாளில் உடலுறவு உண்டா, என்ன மருந்து போட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத குச்சி ஆய்வாளருக்கு அரைகுறைத் தகவல்தான்.

பெயர் பற்றிய பயம் நியாயமானது. சிங்கப்பூரில் இத்தகைய ஆய்வுகளை 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். உங்களுக்கு விளக்கிச் சொல்லி எழுத்துபூர்வச் சம்மதம் வாங்க வேண்டும். காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. கையெழுத்துப் போடுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

– 16எஸ் மட்டும் படிப்பார்களா, முழு டிஎன்ஏவையும் படிப்பார்களா? யோனிக் குச்சியில் முழு டிஎன்ஏவையும் படித்தால் கிடைப்பதில் பெரும்பகுதி, பல நேரம் 90 விழுக்காட்டுக்கு மேல், பாக்டீரியாவுடையது அல்ல. அது உங்களுடைய மனித டிஎன்ஏ.

– அந்த மனிதப் பகுதியை நீக்கிய பிறகுதான் மற்ற ஆய்வாளர்களோடு பகிர்வார்களா?

– நான் விலகினால் மிச்சமுள்ள மாதிரியை அழிப்பார்களா? ஏற்கெனவே படித்த தரவு என்ன ஆகும்?

– மாதிரியை வேறு ஆய்வுக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்புவார்களா?

இதே கேள்விகளை அந்த இரண்டு நிறுவனங்களிடமும் கேட்டிருக்க வேண்டும். வீட்டுப் பெட்டியில் நாம் “ஒப்புக்கொள்கிறேன்” என்று ஒரே சொடுக்கில் கடந்துபோகும் பக்கத்தில்தான் இவையெல்லாம் இருக்கின்றன. உங்கள் மாதிரியையும் தரவையும் நீக்கச் சொல்லி இப்போதும் இருவருக்கும் மின்னஞ்சல் அனுப்பலாம்.

இரண்டாவது குழந்தை

பாக்டீரியல் வஜினோசிஸ் இருப்பதாலேயே கரு தங்காது என்று சொல்ல முடியாது. இது இருக்கும்போதே கருத்தரித்து நலமாகப் பிள்ளை பெற்ற பெண்கள் ஏராளம். கர்ப்பத்தில் இது குறைப்பிரசவத்தோடு சேர்ந்து காணப்படுவது உண்மை. ஆகவே கருத்தரித்த பிறகு வாடையோ வெள்ளைப்படுதலோ வந்தால் உடனே சொல்லிச் சிகிச்சை எடுங்கள். அறிகுறி இல்லாமல், குழந்தைக்கு முயலும் எல்லோரும் நுண்ணுயிர் வரைபடம் எடுக்க வேண்டியதில்லை. உங்களுக்கு 35 வயது ஆகிவிட்டதால், ஆறு மாதம் முயன்றும் தங்கவில்லை என்றால் இருவரும் கருத்தரிப்புப் பரிசோதனைக்குப் போங்கள். கணவரின் விந்துப் பரிசோதனையும் அதில் சேர்த்தி. எல்லாப் பழியையும் ஒரு குச்சியின் மேல் போட்டுவிட்டு அதைத் தள்ளிப்போடாதீர்கள், அங்கே நாட்கள் முக்கியம்.

அடிவயிற்று வலி, காய்ச்சல், மாதவிடாய்க்கு நடுவில் இரத்தக்கசிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் பார்க்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். இல்லாவிட்டால் மாதவிடாய் முடிந்து நான்கைந்து நாள் கழித்து ஒரு நாளைப் பதிவு செய்யுங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள் உடலுறவோ உள்ளே வைக்கும் மருந்தோ வேண்டாம், பிஎச் அளவு சரியாக வரும். இரண்டு அறிக்கையையும் கையோடு எடுத்துப் போகலாம். ஆனால் முதலில் அரிப்பையும் வாடையையும் அவை வந்த தேதிகளையும் சொல்லுங்கள், பரிசோதனை முடிந்த பிறகு அறிக்கையைக் காட்டுங்கள்.